பள்ளி அறிவிப்பைப் படிப்போம்

1. பள்ளிகள் மூடிய காலம்

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம். கொரோனா நோய் நாடெங்கும் பரவத் தொடங்கியது. மார்ச் 16 அன்று மத்திய அரசு, பள்ளிகளையும் கல்லூரிகளையும் மூடும்படி அறிவுரை கூறியது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது.

முதலில் சில வாரங்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வாரங்கள் மாதங்கள் ஆயின. சிறு பிள்ளைகள் பல மாநிலங்களில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் வகுப்பறையைப் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் பள்ளி மணி அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக அறிவிப்புகள் வந்தன. பாடம் எப்போது, எதில் வரும்? புத்தகம் எங்கே கிடைக்கும்? அரிசி எந்த நாளில் தருவார்கள்? தேர்வு உண்டா, இல்லையா? எல்லாம் அறிவிப்பில்தான் இருந்தன. அறிவிப்பைப் படித்துப் புரிந்துகொண்ட வீட்டுக்குப் பாடமும் வந்தது, அரிசியும் வந்தது. அறிவிப்பு சேராத வீட்டுக்கு இரண்டும் வராமல் போனது உண்டு.

அறிவிப்பை எப்படிப் படிப்பது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

2. அறிவிப்பு யாருக்கு?

கல்வித் துறை அனுப்பும் அறிவிப்புக்குச் சுற்றறிக்கை என்று பெயர். பெரும்பாலான சுற்றறிக்கைகள் பெற்றோருக்கு எழுதப்படுவதில்லை. பள்ளியில் வேலை செய்பவர்களுக்கு எழுதப்படுகின்றன.

அது வரும் வழியைப் பாருங்கள். முதலில் மாநிலக் கல்வித் துறை எழுதுகிறது. அங்கிருந்து மாவட்ட அலுவலகத்துக்கு வருகிறது. பிறகு வட்டார அலுவலகம். பிறகு தலைமை ஆசிரியர். அவரிடமிருந்து ஆசிரியர்கள், எழுத்தர், சமையலர் ஆகியோருக்குப் போகிறது. கடைசியில் பெற்றோர்.

“ஆசிரியருக்கு வந்த கடிதம்தானே, நமக்கு என்ன?” என்று சிலர் கேட்கலாம். யோசித்துப் பாருங்கள். “வாரம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டாருடனும் ஆசிரியர் பேச வேண்டும்” என்று சுற்றறிக்கையில் இருக்கிறது. இது ஆசிரியரின் வேலை. ஆனால் அந்த வேலை யாருக்காக? நம் பிள்ளைக்காக. நான்கு வாரம் ஆகியும் யாரும் பேசவில்லை என்றால், ஏன் என்று நாம் கேட்கலாம். சுற்றறிக்கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் கேட்க முடியும்.

ஆசிரியர்களுக்கும் அது கடினமான காலம்தான். பல மாநிலங்களில் அவர்களைக் கொரோனா கணக்கெடுப்புக்கும், ரேஷன் வழங்கும் பணிக்கும் அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் பல சுற்றறிக்கைகள் வந்தன. நேற்று வந்ததை இன்று வந்தது மாற்றியது. அதனால் கேட்கும்போது சண்டையாகக் கேட்க வேண்டாம். தெளிவாகக் கேட்டால் போதும்.

3. கேரளாவில் என்ன செய்தார்கள்?

கேரளாவில் பள்ளி ஆண்டு ஜூன் 1 அன்று தொடங்கும். 2020-இல் பள்ளிக் கதவைத் திறக்க முடியவில்லை. ஆகவே அதே ஜூன் 1 அன்று ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் தொலைக்காட்சிப் பாடங்கள் தொடங்கின. ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்றால் முதல் மணி என்று பொருள். அரசின் ‘விக்டர்ஸ்’ கல்வித் தொலைக்காட்சியில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நேரம் ஒதுக்கினார்கள். நேர அட்டவணையை முன்னதாகவே வெளியிட்டார்கள்.

ஆனால் தொலைக்காட்சி இல்லாத வீடுகள் என்ன செய்யும்? தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லாத பிள்ளைகள் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேர் என்று கணக்கெடுப்பில் தெரிந்தது. ஆகவே முதல் இரண்டு வாரப் பாடங்களைச் சோதனை ஒளிபரப்பாக வைத்தார்கள். அந்த நாட்களில் யார் வீட்டில் வசதி இல்லை என்று ஆசிரியர்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நூலகம், அங்கன்வாடி போன்ற பொது இடங்களில் தொலைக்காட்சி வைத்துப் பிள்ளைகளை அமர வைத்தார்கள்.

கேரளாவில் தமிழ் வழியிலும் கன்னட வழியிலும் படிக்கும் பிள்ளைகள் உண்டு. இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களிலும் பாலக்காட்டின் எல்லை ஊர்களிலும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள். காசர்கோட்டில் கன்னடப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் மொழியில் பாடங்கள் தயாராயின.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ‘பாடம் தொலைக்காட்சியில் வரும்’ என்று அறிவித்தால் மட்டும் போதாது. ‘தொலைக்காட்சி இல்லாதவர்கள் எங்கே போக வேண்டும்’ என்பதும் அறிவிப்பில் இருக்க வேண்டும்.

4. சேராத அறிவிப்பு

2020 செப்டம்பரில் ‘அசர்’ என்ற கல்விக் கணக்கெடுப்பு நடந்தது. கிராமப்புற வீடுகளைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார்கள். பள்ளியில் சேர்ந்திருந்த 100 பிள்ளைகளில் சுமார் 62 பேர் வீட்டில் ஸ்மார்ட் போன் இருந்தது. ஆனால் கணக்கெடுத்த அந்த வாரத்தில் பள்ளியிலிருந்து பாடமோ பயிற்சியோ வந்து சேர்ந்தது சுமார் 36 பேருக்குத்தான்.

வீட்டில் போன் இருப்பது வேறு. பிள்ளை கையில் போன் கிடைப்பது வேறு. அப்பா வேலைக்குப் போகும்போது போனும் கூடவே போய்விடும். ஒரே போன், மூன்று பிள்ளைகள் என்றால் யாருக்குப் பாடம்? போன் இருந்தாலும் இணையத்துக்குப் பணம் கட்ட வேண்டும்.

சில ஊர்களில் ஆசிரியர்கள் வேறு வழி தேடினார்கள். ஜார்க்கண்ட் மாநிலம் தும்கா மாவட்டத்தில் பன்காட்டி என்று ஒரு கிராமம். அங்கே பெரும்பாலான பிள்ளைகளிடம் கைப்பேசி இல்லை. ஊரில் பல இடங்களில் ஒலிபெருக்கி கட்டினார்கள். ஆசிரியர் பேசினார். பிள்ளைகள் மரத்தடியிலும் திண்ணையிலும் விலகி உட்கார்ந்து எழுதினார்கள். மகாராஷ்டிரத்தில் சோலாப்பூரின் நீலம்நகர் பகுதியில் ஆசிரியர்கள் வீட்டுச் சுவர்களிலேயே பாடங்களை எழுதி வைத்தார்கள்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. அம்மா, அப்பா இருவரும் ஐந்தாம் வகுப்போ அதற்குக் குறைவாகவோ படித்த வீடுகளிலும், பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டில் யாராவது படிப்பில் உதவினார்கள். பல வீடுகளில் அண்ணனோ அக்காவோ சொல்லிக் கொடுத்தார்கள். குறைவாகப் படித்தவர்களாலும் பிள்ளைக்கு உதவ முடியும்.

5. ஒரு மாதிரி அறிவிப்பு

கீழே உள்ளது பயிற்சிக்காக நாம் எழுதிய மாதிரி. மெதுவாகப் படியுங்கள்.

நாள்: 8-7-2020
பெறுநர்: அனைத்துத் தலைமை ஆசிரியர்கள்
பொருள்: வீட்டிலிருந்து கல்வி
(1) 1 முதல் 8 வகுப்பு வரையான பாடங்கள் 13-7-2020 திங்கள் முதல் தொலைக்காட்சியில் வரும். நேர அட்டவணையைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும்.
(2) தொலைக்காட்சியும் ஸ்மார்ட் போனும் இல்லாத பிள்ளைகளின் பட்டியலை 10-7-2020 வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும்.
(3) மதிய உணவுக்கான அரிசி 13, 14 தேதிகளில் பள்ளியில் வழங்கப்படும். பெற்றோரிடம் கையெழுத்துப் பெற வேண்டும்.
(4) ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டாருடனும் பேச வேண்டும்.

இந்த அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாய் அதைப் பக்கத்து வீட்டுப் போனில் படித்தார். வியாழக்கிழமை பள்ளிக்குப் போனார்.

தாய்: டீச்சர், போனும் டிவியும் இல்லாத பிள்ளைங்க பட்டியல் எழுதறீங்களாமே. எம் பொண்ணு பேரு அதுல இருக்கா?

ஆசிரியை: உங்க வீட்டுலதான் போன் இருக்கேம்மா. போன வருஷம் நம்பர் குடுத்தீங்களே.

தாய்: அது அவங்க அப்பா போன் டீச்சர். அவரு காலையில ஆறு மணிக்குக் கொண்டுபோனா ராத்திரிதான் வர்றாரு. எங்கிட்ட இருக்கறது பட்டன் போன். அதுல பேசத்தான் முடியும்.

ஆசிரியை: டிவி?

தாய்: ரெண்டு மாசமா ரிப்பேர். வேலை இல்லாத நேரம், சரி பண்ணக் காசு இல்ல.

ஆசிரியை: நல்ல வேளை, இன்னிக்கே வந்தீங்க. நாளைக்குப் பட்டியல் போயிடும். இப்பவே எழுதிக்கறேன். பட்டன் போன் நம்பரையும் சொல்லுங்க. இனிமே அதுல கூப்பிடறேன்.

தாய்: எங்க தெருவுல இன்னும் நாலு வீடு இருக்கு டீச்சர். அவங்களுக்கு இந்தச் சேதியே தெரியாது.

ஆசிரியை: அப்படியா! பேரு சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்.

அந்தத் தாய் ஒரு நாள் பிந்திப் போயிருந்தால்? பட்டியல் போயிருக்கும். ‘இந்த வீட்டில் வசதி உண்டு’ என்றே கணக்கில் இருந்திருக்கும். கடைசித் தேதியைப் படித்ததால் ஐந்து பிள்ளைகளின் பெயர் சேர்ந்தது.

6. அரிசிக் கணக்கு

அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் 1 முதல் 8 வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மதிய உணவு உரிமை. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதைச் சொல்கிறது. பள்ளிகள் மூடியபோது பிள்ளைகளின் உணவு நின்றுவிடக் கூடாது என்று, 2020 மார்ச் 18 அன்று உச்ச நீதிமன்றம் தானாகவே இதை விசாரணைக்கு எடுத்தது. சமைத்த உணவு கொடுங்கள், இல்லையென்றால் அதற்கு ஈடாகத் தானியமும் சமையல் செலவுத் தொகையும் கொடுங்கள் என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது.

1 முதல் 5 வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் தானியம். 6 முதல் 8 வகுப்பு வரை 150 கிராம்.

ஒரு வீட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. அந்த மாதத்தில் பள்ளி நாட்கள் 24.

மூன்றாம் வகுப்பு: 100 × 24 = 2,400 கிராம். அதாவது 2 கிலோ 400 கிராம்.
ஏழாம் வகுப்பு: 150 × 24 = 3,600 கிராம். அதாவது 3 கிலோ 600 கிராம்.
மொத்தம் 6 கிலோ.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பதிவேட்டில் எழுதியிருப்பதும் பையில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள்.

7. ஆறு கேள்விகள்

எந்த அறிவிப்பைப் படித்தாலும் இந்த ஆறையும் கேளுங்கள்.

(1) எழுதியவர் யார்? அலுவலகத்தின் பெயரும் கையெழுத்தும் உண்டா? (ஊரடங்குக் காலத்தில் பொய்யான அறிவிப்புகளும் வாட்ஸ்அப்பில் சுற்றின.)
(2) எந்தத் தேதி? இதற்குப் பின் வேறு அறிவிப்பு வந்து இதை மாற்றிவிட்டதா?
(3) யாருக்கு? எந்த வகுப்புக்கு?
(4) யார், என்ன செய்ய வேண்டும்?
(5) எந்த நாளுக்குள்?
(6) வசதி இல்லாதவர்களுக்கு என்ன வழி? சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?

ஆறாவது கேள்விக்குப் பதில் இல்லாத அறிவிப்பு பாதி அறிவிப்புதான். அதைத் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கேட்கலாம். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுவில் பாதிப் பேர் பெண்கள்.

அறிவிப்பு உங்களுக்குத் தெரியாத மொழியில் இருக்கிறதா? படித்துச் சொல்லும்படி கேளுங்கள். குறை இருந்தால் எழுதிக் கொடுங்கள். மத்திய அரசிலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதிக் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு சொல்கிறது.

கொரோனா ஊரடங்கு முடிந்துவிட்டது. ஆனால் பள்ளிகள் மூடும் நாட்கள் இன்னும் வருகின்றன. வெள்ளம் வந்தால் மூடுகிறார்கள். 2024 நவம்பரில் தில்லியில் காற்று மாசு கடுமையானபோது பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்தார்கள். அப்படிப்பட்ட நாளில் உங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு அறிவிப்பு சேராது? அந்த வீட்டை இப்போதே நினைவில் வையுங்கள். நீங்கள் படித்ததை அங்கே போய்ப் படித்துச் சொல்லுங்கள்.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்
(1) சுற்றறிக்கை என்றால் என்ன?
(2) மாதிரி அறிவிப்பில் பட்டியல் அனுப்பக் கடைசி நாள் எது?
(3) வீட்டில் போன் இருந்தும் அந்தப் பெண்ணுக்குப் பாடம் ஏன் வராது?
(4) மாதிரி அறிவிப்பு நம் ஆறாவது கேள்விக்குப் பதில் சொல்கிறதா? இல்லையென்றால் என்ன சேர்க்க வேண்டும்?

ஆ. கணக்குப் போடுங்கள்
ஒரு வீட்டில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் இருக்கிறார்கள். பள்ளி நாட்கள் 20. எவ்வளவு அரிசி கிடைக்க வேண்டும்?

இ. எழுதிப் பாருங்கள்
உங்கள் தெருவில் தொலைக்காட்சியும் ஸ்மார்ட் போனும் இல்லாத பிள்ளைகளுக்குப் பாடம் கிடைக்க வழி செய்யும்படி, தலைமை ஆசிரியருக்கு ஐந்து வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். தேதி போட மறக்க வேண்டாம். கையெழுத்துப் போடுங்கள்.