மணலுக்குள் வளரும் கல்

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்ககங்களில் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "வாராவாரம் பேக்வாஷ் பண்றோம் சார், குளோரினும் குறையாமப் போடுறோம். அப்புறமும் தண்ணி ஏன் மங்கலாவே இருக்கு?" எங்கள் குடியிருப்பின் குளத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன், அக்கம்பக்கத்தில் கூப்பிட்டால் போய்ப் பார்ப்பதும் உண்டு. போர்வெல்லையும் டேங்கர் லாரியையும் நம்பியிருக்கும் இடங்களில் இந்தக் கேள்விக்கான பதிலைப் பம்ப் அறைக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. ஃபில்டரில் தெரியும் கோளாறு, குளத்தில் விடுகிற தண்ணீரில் தொடங்குகிறது.

மணல் ஃபில்டர் தூசியையும் அழுக்கையும் பிடிக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தை அதனால் பிடிக்க முடியாது. ஆனால் தண்ணீர் சூடேறினாலோ பி.எச். ஏறினாலோ அந்தக் கால்சியம் கரைந்த நிலையில் நிற்காது. கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து அகப்பட்ட இடத்தில் படியும். வெந்நீர் அண்டாவின் உள்ளே வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறதே, அதே பொருள்தான். குளத்தில் அது முதலில் கண்ணில் படுவது டைல்ஸில், நீர்மட்டக் கோட்டில். அங்கே தெரியத் தொடங்கிவிட்டால் மணலுக்குள்ளும் தொடங்கிவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன். துகளோடு துகள் ஒட்டிக் கட்டியாகும். கவனிக்காமல் விட்டால், கையால் உடைக்க முடியாத அளவுக்கு இறுகிவிடும்.

கால்சியம் எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் தீவிரம் புரியும். நூறு சதுர மீட்டர் பரப்பு, சராசரியாக 1.2 மீட்டர் ஆழம் என்றால் குளத்தின் கொள்ளளவு 1,20,000 லிட்டர். கோடையில் நாளுக்கு 6 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 600 லிட்டர், மாதத்துக்கு 18,000 லிட்டர். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். கால்சியம் முழுவதும் குளத்திலேயே நின்றுவிடும். ஈடுகட்ட ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் கால்சியம் கடினத்தன்மை இருந்தால், மாதத்துக்கு 9 கிலோ சுண்ணாம்பைக் குளத்தில் கொட்டியதற்குச் சமம். குளத்தின் கடினத்தன்மை மாதத்துக்கு 75 பிபிஎம் கூடும். மார்ச்சிலிருந்து ஜூன் வரை நான்கு மாதத்தில் 300. நீச்சல் குளத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் நல்ல அளவே 200 முதல் 400 வரைதான்.

இதனால்தான் லாரி வந்து நின்றதும், குழாயைக் குளத்துக்குத் திருப்பும் முன், ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துச் சோதிக்கச் சொல்கிறேன். சொட்டு மருந்து விட்டு எண்ணும் கடினத்தன்மைக் கிட் போதும். சிவப்பு நீலமாக மாறும்வரை சொட்டுகளை எண்ணினால் அளவு தெரிந்துவிடும். பலர் டிடிஎஸ் பேனாவை முக்கிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டுமே தவிர, அதில் கால்சியம் எவ்வளவு என்று சொல்லாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் மொத்தக் கடினத்தன்மைக்கு 200 மில்லிகிராம் என்றும், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்றும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்த 600-ஐயும் தாண்டிய லோடுகள் வருகின்றன. இரண்டு லாரிக்காரர்களில் ஒருவருடைய தண்ணீர் மென்மையானது என்று தெரிந்தால், அதைக் குளத்துக்கும் மற்றதைத் தோட்டத்துக்கும் கழிவறைத் தொட்டிக்கும் ஒதுக்கலாம். செலவில்லாத ஏற்பாடு இது, பலன் பெரிது.

அடுத்தது குளோரின். ப்ளீச்சிங் பவுடர் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அதில் பயன்படும் குளோரின் நூற்றுக்கு 30 முதல் 35 பங்கு இருந்தாலே நல்ல சரக்கு. மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்பு வகையறா. கடினத் தண்ணீர் ஊரில் அதைக் குளத்தில் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணையும் கால்சியம் சேர்ப்பதுதான்: அதைக் கொண்டு 10 பிபிஎம் குளோரின் ஏற்றினால் கூடவே சுமார் 7 பிபிஎம் கடினத்தன்மை ஏறும். நாளுக்கு 2 பிபிஎம் என்றாலும் மாதத்துக்கு 42. ஆவியாதலால் ஏறும் 75-உடன் இதையும் கூட்டிப் பாருங்கள். கேனில் வரும் திரவ சோடியம் ஹைப்போகுளோரைட்டில் கால்சியம் இல்லை. வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும் என்பதால் நிழலில் வைத்து, சிறுகச் சிறுக வாங்கித் தீர்த்துவிட வேண்டும். டிசிசிஏ மாத்திரையிலும் கால்சியம் கிடையாது, பி.எச்.-ஐயும் இறக்கும். ஆனால் அதிலுள்ள சயனூரிக் அமிலம் குளத்திலேயே தங்கிப் பெருகிக் குளோரினை மந்தமாக்கும். தண்ணீரை அடிக்கடி மாற்ற வழியில்லாத இடத்தில் அதை மட்டுமே நம்பக் கூடாது.

இனிச் சொல்வதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. குளத்தில் சேர்ந்துவிட்ட கால்சியத்தை எந்த மருந்தாலும் எளிதில் வெளியேற்ற முடியாது. ஆனால் அது படியாமல் பார்த்துக்கொள்ள முடியும். அமெரிக்காவில் நகரக் குடிநீர்க் குழாய்களுக்காக லாங்லியர் என்பவர் 1936-இல் வகுத்த குறியீடு ஒன்று இருக்கிறது. பி.எச்., வெப்பநிலை, கால்சியம், அல்கலினிட்டி ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் தண்ணீர் சுண்ணாம்பைப் படியவிடுமா, சுவரில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைக்குமா என்று அது சொல்லிவிடும். பூஜ்யத்துக்கு மேலும் கீழும் 0.3-க்குள் இருந்தால் நல்லது. கால்சியம் 700 இருக்கிற குளம், தண்ணீர் 29 டிகிரி. பி.எச். 7.8, அல்கலினிட்டி 150 என்றால் குறியீடு 0.9-ஐத் தொடும்; மணல் கட்டியாவதைத் தடுக்க முடியாது. அதே குளத்தில் பி.எச். 7.3, அல்கலினிட்டி 70 என்று இறக்கிவிட்டால் குறியீடு 0.1-க்கு வந்துவிடும். கால்சியம் அதே 700தான், ஆனால் படியாது.

போர்வெல் தண்ணீரில் அல்கலினிட்டியும் அதிகமாகவே இருக்கும். அது அதிகமாக இருக்கும்வரை, ஆசிட் விட்டு இறக்கிய பி.எச். சில நாளில் மறுபடி ஏறும். அதனால் பி.எச். பார்த்து மட்டும் ஆசிட் விடாமல், அல்கலினிட்டி 70, 80-க்கு வரும்வரை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்க வேண்டும். பி.எச். 7.2-க்குக் கீழே போக விடக் கூடாது. பி.எச். தாழ்வாக இருப்பதில் குளோரினுக்கும் நன்மை உண்டு: 7.5-இல் ஏறக்குறைய பாதி குளோரின் வீரியமான வடிவில் இருக்கும்; 8-க்குப் போனால் கால் பங்குதான். மாலையில் நீந்துபவர்கள் ஏறிய பின், பம்ப் ஓடும்போது, வாளித் தண்ணீரில் ஆசிட்டைக் கலந்து ஆழமான பக்கத்தில் பரவலாக ஊற்றுங்கள். தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை விடக் கூடாது. ஆசிட் கேனும் குளோரின் கேனும் ஒரே அலமாரியில் இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் வெளிவரும் குளோரின் வாயு, ஜன்னலில்லாத பம்ப் அறையில் ஆளைக் கொல்லும்.

பேக்வாஷுக்கு வருகிறேன். "வாரம் ஒரு தடவை" என்ற வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. புது மணல் போட்டதும் அல்லது நன்றாக பேக்வாஷ் செய்ததும் பிரஷர் கேஜ் எவ்வளவு காட்டுகிறது என்று சுவரிலேயே எழுதி வையுங்கள். அதிலிருந்து 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ். அதற்கு முன்னால் செய்தால், அழுக்கைப் பிடிக்க உதவும் மெல்லிய படலம் வீணாகப் போகும், தண்ணீரும் போகும், அந்தத் தண்ணீருக்கு ஈடாக மறுபடி கடினத் தண்ணீர்தான் உள்ளே வரும். மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியைத் திருப்பும் முன் பம்பை நிறுத்தியே ஆக வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் கேஸ்கெட் கிழியும். கண்ணாடிக் குமிழில் தண்ணீர் தெளியும்வரை பேக்வாஷ், இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பிறகு நிறுத்தி, ரின்ஸில் வைத்து அரை நிமிடமாவது ஓட்ட வேண்டும். பல இடங்களில் ரின்ஸை விட்டுவிடுகிறார்கள். எஞ்சிய அழுக்கு நேராகக் குளத்துக்குப் போய்விடுகிறது.

அந்தப் பிரஷர் கேஜையே ஒரு முறை சந்தேகப்படுங்கள். அதன் சிறு துளையில் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டால் முள் அசையாது. பம்பை நிறுத்தியதும் முள் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கழற்றித் துளையைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது புதிதாக மாற்றுங்கள். ஃபில்டர் மொத்தத்திலும் விலை குறைந்த பாகம் அது. அதை நம்பித்தான் மற்ற எல்லா முடிவையும் எடுக்கிறோம்.

மணல் கெட்டுவிட்டதை இரண்டு விதமாகக் கண்டுகொள்வேன். பேக்வாஷ் செய்த மறுநாளே பிரஷர் மறுபடி ஏறிவிட்டால், மணல் கட்டியாகி வழி அடைபட்டிருக்கிறது. அதற்கு நேர்மாறாக, பிரஷர் ஏறவே இல்லை, ஆனால் தண்ணீர் மங்கல் என்றால், இறுகிய மணலில் விரிசல் விழுந்து அதன் வழியே தண்ணீர் வடிகட்டப்படாமல் ஓடுகிறது. இரண்டாவதில்தான் ஆபரேட்டர்கள் ஏமாந்துபோகிறார்கள், ஏனென்றால் கேஜ் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். அப்போது பம்பை நிறுத்தி, பிரஷரை வெளியேற்றி, மூடியைத் திறந்து மணலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். மேல்மட்டம் பொலபொலவென்று இருக்கலாம்; ஒரு சாண் கீழே கை இறங்காமல் நின்றால் விஷயம் தெரிந்துவிடும். ஒரு பிடி மணலை எடுத்துக் கண்ணாடி டம்ளரில் போட்டு நீர்த்த ஆசிட் சில துளி விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்பு.

டாங்கிக்குள்ளேயே ஆசிட் ஊற்றி ஊறவைத்து மணலைக் காப்பாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். பொங்கிவரும் வாயுவும் ஆசிட் ஆவியும் அந்தச் சின்ன அறையில் நிறையும்; குளோரின் மிச்சம் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இதற்காக ஒரு தொழிலாளியை உள்ளே அனுப்ப எனக்கு மனம் வராது. சிலிக்கா மணல் மலிவானது, மாற்றிவிடலாம். ஐந்து முதல் ஏழு ஆண்டு என்று பொதுவாகச் சொல்லும் ஆயுள் கடின நீர் ஊரில் வாய்க்காது. ஆண்டுக்கொரு முறை திறந்து பார்த்து முடிவெடுங்கள். சுமார் அரை மில்லிமீட்டர் அளவுள்ள ஃபில்டர் மணலையே கேட்டு வாங்குங்கள், கட்டட மணல் ஆகாது. பழைய மணலை அள்ளும்போது அடியில் இருக்கும் லேட்டரல் குழாய்களில் மண்வெட்டி படக் கூடாது. கடைசிப் பகுதியைக் கையால்தான் அள்ள வேண்டும். அந்தக் குழாய்களின் நுண்ணிய பிளவுகளிலும் சுண்ணாம்பு அடைத்திருக்கும். வெளியே எடுத்து நீர்த்த ஆசிட்டில் கழுவலாம். புது மணல் கொட்டும் முன் டாங்கியில் பாதியளவு தண்ணீர் நிரப்பினால் மணல் விழும் வேகத்தில் குழாய் உடையாது. அதன் பிறகு குளத்தின் தரையில் இன்லெட் அருகே மணல் குவிந்தால், எங்கோ ஒரு லேட்டரல் உடைந்திருக்கிறது என்று பொருள்.

கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: முதலில் எண்ணெய்ப் பசையைப் போக்குங்கள், அப்புறம்தான் ஆசிட். வரிசை மாறினால் சன்ஸ்கிரீனும் உடம்பெண்ணெயும் துணியோடு இறுகிப்போய் அந்தக் கார்ட்ரிட்ஜ் பிறகு எதற்கும் உதவாது.

தண்ணீர் கலங்கினால் உடனே படிகாரம் போடும் பழக்கமும் இங்கே பரவலாக இருக்கிறது. போடலாம். ஆனால் இரவில் பம்பை நிறுத்திப் படியவிட்டு, காலையில் மல்டிபோர்ட்டை வேஸ்ட்டில் வைத்து, தரையில் படிந்ததை வாக்குவம் செய்து வெளியே தள்ள வேண்டும். ஃபில்டர் வழியாக இழுத்தால் அந்தக் கொழகொழப்பு மணலைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவி இருந்தால் குளத்தில் புதிதாக விடும் தண்ணீருக்கு மட்டும் வையுங்கள். குளத்துத் தண்ணீரையே அதன் வழியே சுற்றவிட்டால் குளோரின் அதன் ரெசினை அரித்துவிடும்.

குளத்தில் சேர்ந்த கால்சியத்தைக் குறைக்க எங்கள் பகுதியில் நான் கண்ட ஒரே நல்ல வழி மழைதான். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதால் மொட்டை மாடியிலிருந்து குழாய் ஏற்கெனவே இறங்கியிருக்கும். 500 சதுர மீட்டர் மாடியில் 50 மி.மீ. மழை பெய்தால் 25,000 லிட்டர். வழியில் போவது போகக் கிடைப்பதும் கோடையில் ஒரு மாதம் ஆவியான அளவுக்குக் குறையாது. அதில் கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். முதல் இரண்டு மூன்று மழையை மாடி கழுவ விட்டுவிடுங்கள். அடுத்து வருவதைத் துணி வடிகட்டி வழியாகத் தொட்டியில் பிடித்துக் குளத்துக்கு மாற்றுங்கள்.

இடம் வேண்டும் என்பதற்காக ஐப்பசி, கார்த்திகையில் குளத்தை முழுக்க இறைத்துவிடாதீர்கள். நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும் நேரத்தில் காலிக் குளத்தைக் கீழிருந்து தண்ணீர் தூக்கும், தளம் வெடித்துவிடும். கால் பங்குக்கு மேல் ஒரே தடவையில் இறக்க வேண்டாம். இறக்கும் தண்ணீரைக் குளோரினோடு மழைநீர்க் கிணற்றுக்குள் விடவும் வேண்டாம். மழைநீரில் அல்கலினிட்டி ஏறக்குறைய இல்லாததால், கலந்து ஒரு நாள் ஓட்டிய பிறகு சோதித்துப் பாருங்கள்; 60-க்குக் கீழே இறங்கியிருந்தால் சமையல் சோடா கொஞ்சம் சேர்த்து 70-க்குக் கொண்டுவாருங்கள். புதுக் கால்சியம் அளவையும் தேதியையும், பிரஷர் எழுதிய அதே சுவரில் குறித்துவிட்டால் அடுத்த கோடைக்குக் கணக்கு அங்கிருந்து தொடங்கும்.