கணக்கு எழுதும் கை பட்டமும் வாங்கும்



போன மாதக் கூட்டத்தில் ஒரு ஊக்குநர் சகோதரி எங்களிடம் கேட்டார்: “பதினோரு வருசமா குழு கணக்கு எழுதறேன். பேங்குக்குப் போறேன், ஆடிட்டுக்கு பதில் சொல்றேன். ஆனா வேலைன்னு போனா டிகிரி இருக்கான்னு கேக்கறாங்க. முப்பத்தெட்டு வயசுல இனிமே என்னக்கா படிக்கிறது?”

இந்தக் கேள்வி அவருடையது மட்டும் அல்ல. நம்மில் பலர் மனதிலும் இருப்பதுதான். அதனால் இந்த மாதப் பாடமாக வணிக நிர்வாகப் படிப்பை, அதாவது பி.பி.ஏ.வை எடுத்துக்கொள்வோம்.

பி.பி.ஏ.வில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

நிர்வாகம், கணக்குப் பதிவு, சந்தைப்படுத்துதல், நிதி, ஆட்களை நடத்தும் முறை, வணிகச் சட்டம் ஆகியவைதான் முக்கியப் பாடங்கள். பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம். ஹென்றி ஃபயோல் என்பவர் பிரான்ஸ் நாட்டில் ஒரு சுரங்கக் கம்பெனியை நடத்தியவர். 1916-ல் அவர் எழுதியதை இன்றும் முதல் ஆண்டிலேயே படிக்கிறார்கள். திட்டமிடு, ஏற்பாடு செய், வழிநடத்து, ஒருங்கிணை, கண்காணி என்று நிர்வாகத்துக்கு ஐந்து வேலைகளை அவர் சொன்னார். நம்முடைய பஞ்ச சூத்திரமும் ஐந்துதான்: முறையான கூட்டம், சேமிப்பு, உள்கடன், கடன் திரும்பச் செலுத்துதல், பதிவேடு. இந்த ஐந்தையும் ஒழுங்காக நடத்துகிற குழுவில் திட்டமும் இருக்கிறது, கண்காணிப்பும் இருக்கிறது. அவர் சொன்னதை நாம் பெயர் தெரியாமலே செய்துகொண்டிருக்கிறோம்.

அப்படியானால் படிப்பு எதற்கு? ஒரு கணக்கைப் பார்ப்போம்.

முறுக்குக் கணக்கு

ஒரு குழு 10 கிலோ முறுக்கு சுடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாவு, எண்ணெய், கேஸ், பாக்கெட் எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய் செலவு. கிலோ 180 ரூபாய்க்கு விற்றால் 1,800 ரூபாய் வரும். “400 ரூபாய் லாபம்” என்று சந்தோஷமாகப் பிரித்துக்கொள்கிறோம்.

ஆனால் மூன்று பேர் ஆளுக்கு 6 மணி நேரம் அடுப்படியில் நின்றோமே, அந்த 18 மணி நேரத்துக்குக் கூலி எங்கே? மணிக்கு 50 ரூபாய் என்று போட்டாலும் 900 ரூபாய். உண்மையான செலவு 2,300. அப்படியென்றால் நமக்கு 500 ரூபாய் நட்டம்! நம் உழைப்பை நாமே இலவசமாகக் கொடுத்ததால்தான் அது லாபம் மாதிரி தெரிந்தது.

இப்போது சரியாகப் போடுவோம். ஒரு கிலோவுக்குச் செலவு 230 ரூபாய். 260-க்கு விற்றால் கிலோவுக்கு 30 ரூபாய் மிஞ்சும். வாடகை, மெஷின் கடன் வட்டி என்று மாதம் 2,400 ரூபாய் கட்ட வேண்டியிருந்தால், 80 கிலோ விற்றால்தான் அது அடையும். 80 கிலோ வரை லாபமும் இல்லை. அதற்கு மேல் விற்பதுதான் லாபம். இதைப் புத்தகத்தில் சமநிலைப் புள்ளி என்பார்கள். இது தெரிந்தால், கடன் வாங்குவதற்கு முன்பே “மாசம் 80 கிலோ நம்மால விக்க முடியுமா, அந்த விலைக்கு வாங்குவாங்களா?” என்று கேட்போம். படிப்பின் பலன் இதுதான்.

எங்கே படிக்கலாம்?

வீட்டையும் குழுவையும் விட்டுவிட்டு தினமும் கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்காகவே அரசு திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களை ஏற்படுத்தியிருக்கிறது. இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-ல் தொடங்கியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல் தொடங்கியது. சென்னை சைதாப்பேட்டையில் இருக்கிறது. புத்தகத்தை வைத்து வீட்டில் படித்து, ஒப்படைப்புகளை எழுதிக் கொடுத்து, தேர்வு மையத்தில் தேர்வு எழுத வேண்டும். பட்டப்படிப்பு குறைந்தது மூன்று ஆண்டுகள். பாடமும் தேர்வும் எந்த மொழியில் என்பதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூ முடிக்காதவர்கள் அவசரப்பட வேண்டாம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்தால்தான் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லும் என்று 2009-ல் ஆணை வந்தது. அதனால் முதலில் தனித்தேர்வராக எழுதி அதை முடிப்பதே நல்லது. அதற்கும் வயது தடை இல்லை.

ஏமாறாதீர்கள்

நம் பகுதியிலேயே ஒரு சகோதரி, “ஒரே சிட்டிங்கில் டிகிரி” என்ற நோட்டீஸைப் பார்த்து, குழுவில் உள்கடன் எடுத்துப் பணம் கட்டினார். சான்றிதழும் வந்தது. வேலைக்குக் கொடுத்தபோது செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். கடனை மட்டும் மாதாமாதம் கட்டி முடித்தார். “ஏமாந்ததை விட, கூட்டத்துல சொல்ல வெக்கப்பட்டு வாயை மூடிட்டு இருந்ததுதான் பெரிய வேதனை” என்று எங்களிடம் சொன்னார். மற்றவர்களாவது தப்பிக்கட்டும் என்று அவர் சம்மதித்ததால்தான் இதை எழுதுகிறோம்.

பணம் கட்டும் முன் இந்த மூன்றையும் பாருங்கள்:

1. பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா? பிள்ளைகளை விட்டு செல்போனில் பார்க்கச் சொல்லுங்கள்.

2. தொலைநிலையில் சேருபவர்களுக்கு 2024 முதல் டெப் ஐடி என்ற எண் கட்டாயம். அதைக் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்டால் சந்தேகப்படுங்கள்.

3. பணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் கட்டுங்கள். ஏஜெண்ட் கையில் கொடுக்காதீர்கள்.

பட்டியலில் உள்ள பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் வாங்கும் பட்டம், நேரில் படித்து வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022-ல் தெளிவாக அறிவித்திருக்கிறது. அதனால் தாழ்வாக நினைக்க வேண்டாம்.

அந்த ஊக்குநர் சகோதரி இப்போது விண்ணப்பத்துக்கு மாற்றுச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருக்கிறார். பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்துவிட்டதாம். “நாப்பத்தொண்ணுல முடிச்சிருவேன்க்கா. படிக்காட்டியும் நாப்பத்தொண்ணு வரத்தானே போகுது?” என்கிறார். சரிதானே?

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவின் தொழிலில் நம் கூலியைச் செலவில் சேர்க்கிறோமா?

2. நம் தொழிலுக்குச் சமநிலைப் புள்ளி எவ்வளவு? எல்லோரும் சேர்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

3. நம் குழுவில் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர்? யாருக்குத் தொடர ஆசை? அவர் தேர்வு எழுதும் நாட்களில் வீட்டு வேலைக்கும் குழு வேலைக்கும் யார் கை கொடுப்பது?

மூன்றாவது கேள்விக்கான பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். எழுதி வைத்தால்தான் நடக்கும்.