சூரியன் விழும் பக்கம்

அன்புள்ள மகனுக்கு,

சாய்ந்தமருதுக் கரையில் கரைவலை இழுப்பவர்களை வைத்து நீ வரைந்த படத்தை உன் மாமா கொண்டுவந்து காட்டினார். உருவம் வரையலாமா கூடாதா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அதைக் கேட்டு உனக்கும் எனக்கும் காது புளித்துவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது வேறு. படத்தின் பின்பக்கம் 'மாலை' என்று எழுதியிருக்கிறாய். முன்பக்கம் சிவப்புச் சூரியன் கடலில் இறங்குகிறது. எந்த ஊரில், மகன்? நமக்குச் சூரியன் விழுவது சம்மாந்துறைப் பக்கம், வேளாண்மைக்கு மேலே. கடலில் விழும் சூரியன் மேற்குக் கரைக் காலிமுகத்திடலுக்குரியது. '43 குழு' ஓவியர் ஐவன் பீரிஸ் அப்படி வரைந்தால் நியாயம். தெகிவளைக்காரர், 1953 இல் இங்கிலாந்தில் குடியேறி, 1988 இல் காலமாகும்வரை விட்டுவந்த கரையை ஞாபகத்திலிருந்தே தீட்டியவர். உனக்குக் கடல் கூப்பிடு தூரம். நீ போனைப் பார்த்து வரைந்திருக்கிறாய்.

எழுபதுகளில் நான் கல்முனை பஸாரில் எனாமல் வாளியோடு போர்டு எழுதித் திரிந்தேன். சாப்பாட்டுக் கடைச் சுவருக்கு 'சீனரி' கேட்பார்கள். கலண்டரைக் கையில் தந்து, அச்சாக இப்படியே வேண்டும் என்பார்கள்: தென்னை, தோணி, பாதி மூழ்கிய சூரியன். பின்கதவைத் திறந்தால் அலைச் சத்தம் கேட்கும். ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அந்தக் கலண்டர்தான் இப்போது உன் போனுக்குள் இருக்கிறது.

அஸர் தொழுதுவிட்டுப் போய் மஃரிப் பாங்குவரை கரையில் நின்று பார். வானத்துக்கு முன்னமே கடல் கறுக்கும். ஆட்களின் நிழல் நீண்டு தண்ணீருக்குள் போகும். வலை இழுப்பவன் கடலைப் பார்த்தபடி பின்னுக்கு நடக்கிறவன்; முதுகு செம்பாய் எரியும், முகம் இருட்டில் கிடக்கும். நீ முகங்களை வழித்துத் துடைத்திருக்கிறாய். பெரியவர்களுக்குப் பயந்தோ, கை வராமலோ, எனக்குத் தெரியாது. முழங்காலளவு தண்ணீரில் இறங்கிக் கரையைப் பார்த்து வரைந்திருந்தால் மாலையே அந்த வேலையைச் செய்திருக்கும்.

ஆனால் கடைசி ஆளின் குதிகால்! மணலுக்குள் புதைந்து, பெருவிரல் மேலெழும்பி, முழு வலையின் பாரமும் அந்த ஒரு காலில் நிற்கிறது. வல்லாஹி, இந்தக் கரையில் எவனும் இப்படியொரு கால் வரைந்ததில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் ஆட்களை நிறுத்தி வரைய எனக்குக் கை வந்ததேயில்லை. நீ நிறுத்தியிருக்கிறாய்.

மற்றவர்கள் கயிற்றைப் பிடித்திருக்கிறார்களே தவிர இழுக்கவில்லை. அவர்களையும் காலிலிருந்து தொடங்கு. சூரியனைச் சுரண்டி எடு. மாலைக் கடலுக்கு டியூபிலுள்ள கறுப்பைப் பூசாதே. அல்ட்ராமரீனில் பர்ன்ட் அம்பர் கலந்து பார், போதாவிட்டால் ஒரு சொட்டுப் பச்சை.