தூத்துக்குடியில் எரியும் நிலக்கரி

குற்றாலத்தில் இவ்வளவு தண்ணீர் கொட்டுகிறதே, நம் விளக்கு அதனால்தான் எரிகிறது என்று மேலகரத்தில் சிறுபிள்ளைகள் எண்ணுவதுண்டு. அருவியில் மின்சாரம் எடுப்பதில்லை. பாபநாசத்தில் 1944 முதல் நீரால் எடுக்கிறார்கள். சாரல் காலத்தில் கணவாய்க் காற்று நம் பக்கத்துக் காற்றாலைகளையும் சுழற்றும். காற்று ஓய்ந்தால் அனல் மின் நிலையங்களே பெரிதும் கைகொடுக்கின்றன. எல்லா மின்சாரமும் ஒரே கம்பி வலையில் கலந்து வருவதால், நம் வீட்டுக்கு வருவது எதிலிருந்து என்று பிரித்துச் சொல்ல இயலாது.

தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1979இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் அலகுகள் ஐந்தாயின. ஒவ்வொன்றும் 210 மெகாவாட். அங்கே கரிச் சுரங்கம் கிடையாது. ஒடிசாவின் தால்ச்சர் போன்ற இடங்களில் வெட்டிய கரி, பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறித் தூத்துக்குடிக்கு வருகிறது. 25 கோடி ஆண்டுகளுக்கும் முன் மண்ணில் புதைந்த தாவரங்களே இக்கரி!

கரியை முகப்பவுடர்போல் நைஸாக அரைத்து, சூடான காற்றுடன் உலைக்குள் ஊதுகிறார்கள். கொதிகலனில் நீர் சுமார் 540 டிகிரி வெப்பமுள்ள நீராவியாகிறது. அது சீறிப் பாய்ந்து சுழலியை நிமிடத்திற்கு 3,000 முறை சுற்றுகிறது. சுழலியோடு இணைந்த மின்னாக்கியில் காந்தம் சுழல, கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் பாரடே கண்ட உண்மை இதுவே, பாடத்தில் படித்திருக்கிறோம்.

வேலை முடித்த நீராவியைக் குளிரவைத்து மீண்டும் நீராக்க வேண்டும். அதற்குத்தான் கடல்நீர். கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி கடலுக்குப் போகிறது. இது எங்களுக்கு மிகுந்த வியப்பளித்தது.

எங்கள் வகுப்பில் ஒரு கணக்குப் போட்டோம். 75 வாட் மின்விசிறி மாலை ஐந்து மணிமுதல் காலை ஏழு மணிவரை வெற்றறையில் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். அது முழுதும் கரியிலிருந்து வந்தால், சுமார் முக்கால் கிலோ கரி எரிய வேண்டும். நம் நாட்டுக் கரியில் சாம்பல் அதிகம். அம்முக்கால் கிலோவில் கால் கிலோவுக்குக் குறையாது. புகையோடு பறக்கும் சாம்பலை மின்னூட்டம் பெற்ற தகடுகள் இழுத்துக்கொள்கின்றன. அது சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. கரியமில வாயுவோ அத்தகடுகளில் ஒட்டுவதில்லை. யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீதம் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடுகிறது.