இது வெறும் கல்லா?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை இருக்கிறது. இடுக்கி மாவட்டத்தின் எல்லையில் மறையூர், காந்தளூர் இருக்கின்றன. இந்த ஊர்களில் மண்ணில் உழைப்பவர்கள் அதிகம். காட்டை உழும்போது கல் வரும். குழி தோண்டும்போதும் கல் வரும். அதை வரப்போரம் வீசிவிடுவது வழக்கம்.

அதில் ஒரு கல், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் செய்த கருவியாக இருக்கலாம்.

கேரளத்தில் பழங்கற்கால மக்கள் வாழவில்லை என்று அறிஞர்கள் முன்பு நினைத்தார்கள். அடர்ந்த காடு, மிகுந்த மழை, கருவி செய்ய ஏற்ற கல் இல்லாமை ஆகியவற்றைக் காரணமாகச் சொன்னார்கள். 1970களில் பி. ராஜேந்திரன் என்ற ஆய்வாளர் பாலக்காடு மாவட்டத்தில் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். அவை வெள்ளை நிற வெங்கச்சாங்கல்லில் செய்தவை. பழைய எண்ணம் மாறியது.

கருவியை அறிவது எப்படி?

தானாக உடைந்த கல்லில் ஒழுங்கு இருக்காது. கருவியில் ஒழுங்கு இருக்கும். ஓரத்தில் வரிசையாகச் சில்லு பெயர்ந்த தழும்புகள் தெரியும். அடி விழுந்த இடத்துக்குக் கீழே சிறு புடைப்பு இருக்கும். தண்ணீரில் கல் எறிந்தால் அலை எழும் அல்லவா? அதுபோன்ற வளைவுகளும் தெரியும். வெங்கச்சாங்கல்லில் இந்த அடையாளங்கள் தெளிவாகத் தெரிவதில்லை. அதனால் பழகிய கண்களும் தடுமாறும்.

எப்படிப் பிரிக்கிறார்கள்?

முதலில் அது என்ன வகைக் கல் என்று பார்க்கிறார்கள். பிறகு அதைச் செய்த முறையைப் பார்க்கிறார்கள். நீளம், அகலம், எடை ஆகியவற்றைக் குறிக்கிறார்கள். பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிப்பார்கள்.

1. பெரிய கருவிகள்: கையில் பிடித்து வெட்டும் கைக்கோடாரி இந்த வகை. இவை பழங்கற்காலத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை. இது 2011இல் வெளியான ஆய்வின் முடிவு.

2. நுண்கருவிகள்: விரல் நகம் அளவுக்குக் கூட இருக்கும். மரத்திலோ எலும்பிலோ பதித்து அம்பாகவும் கத்தியாகவும் பயன்படுத்தினார்கள்.

3. தேய்த்த கருவிகள்: கல்லை உரசி வழவழப்பாக்கிய கோடாரிகள் இவை. பயிர் செய்யவும் ஆடுமாடு வளர்க்கவும் தொடங்கிய புதிய கற்காலத்தில் இவை பெருகின.

பெயர்ந்த சில்லுகளையும் எண்ணுகிறார்கள். ஒரே இடத்தில் சில்லுகள் குவிந்து கிடந்தால், அங்கே கருவி செய்தார்கள் என்று தெரியும்.

மறையூரில் முனியறைகள் இருக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடியிருப்பார்கள். இவை இறந்தவர்களுக்காக எழுப்பியவை. கல்லால் ஆனவை என்றாலும் இரும்புக் காலத்தைச் சேர்ந்தவை.

இடமே முக்கியம்

வடிவம் மட்டும் காலத்தைச் சொல்லிவிடாது. இலங்கையில் ஒரு குகையில் 40,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான நுண்கருவிகள் கிடைத்துள்ளன. வேறு இடங்களில் அதே போன்ற கருவிகள் சில ஆயிரம் ஆண்டுப் பழமையே கொண்டவை. கல் எந்த மண் அடுக்கில் கிடந்தது, அதனுடன் என்ன கிடந்தது என்று பார்த்தே காலத்தைக் கணக்கிடுகிறார்கள். கல்லை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டால் அந்தச் சாட்சி அழிந்துவிடும். பிறகு எந்த அறிஞராலும் அதை மீட்க முடியாது.

ஆய்வாளர்கள் எல்லா நிலத்தையும் தோண்ட முடியாது. மண்ணில் உழைப்பவர்களின் கண்ணில்தான் பல பொருள்கள் முதலில் படுகின்றன. தமிழ்நாட்டில் மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில், ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டினார். தேய்த்த கற்கோடாரிகள் கிடைத்தன. 2006இல் செய்தி தொல்லியல் துறைக்கு எட்டியது. பிறகு அந்த ஊரிலேயே அகழாய்வு நடந்தது.

ஐயமான கல் கிடைத்தால் என்ன செய்யலாம்?

• கழுவவோ உரசவோ வேண்டாம்.
• கிடந்த இடத்திலேயே விட்டு, அருகில் ஒரு குச்சி நடலாம்.
• எந்த இடம், எவ்வளவு ஆழம், எந்த நாள் என்று எழுதி வைக்கலாம்.
• கிராம அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிக்கலாம்.

எழுதி வைக்கும் அந்த மூன்று வரிகள், கல்லைப் போலவே விலை மதிப்புள்ளவை.

கலந்து பேசுவோம்

1. தானாக உடைந்த கல்லுக்கும் கருவிக்கும் என்ன வேறுபாடு?
2. கல் கிடந்த இடத்தை ஏன் குறிக்க வேண்டும்?
3. உங்கள் ஊரில் பழமையான கற்கள் எங்கே இருக்கின்றன? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.