எல்லைச் சுவரும் எல்லையோர மக்களும்

அமெரிக்காவுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடையிலுள்ள எல்லை ஏறத்தாழ 3,145 கிலோமீட்டர் நீளமுடையது. டெக்சஸ் மாநிலத்தில் ரியோ கிராண்டே ஆறே எல்லையாகும். அங்குச் சுவர் எழுப்புவது பற்றித் தலைநகரில் முழங்குவோர் பலர். ஆற்றோரத்தில் வாழ்வோரின் கவலையோ வேறு.

அவ்வாறு வெள்ளம் பெருகும் இயல்புடையது. ஆகவே, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுந்த தடுப்பு, கரையை ஒட்டி நில்லாது பல இடங்களில் உள்ளே தள்ளி அமைந்தது. விளைநிலங்கள் அதற்கு அப்பால் சிக்கின. தம் நிலத்திற்குச் செல்லவே உழவர் சிலர் வாயிற்கதவைத் திறந்து போக வேண்டியதாயிற்று. மண்ணை நம்பி வாழ்வோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அக்கரை வாணிபத்தை உயிர்நாடியாகக் கொண்ட லரேடோ நகரில் எதிர்ப்பு வலுத்தது. 2020 ஆகஸ்டில், சுவருக்கான நிதியை நிறுத்துமாறு நீதிமன்றத்தின் முன்னுள்ள சாலையிலேயே பெரிய எழுத்துகளில் தீட்டினர்.

இதனால், எல்லையோர மக்கள் குடிநுழைவுக் கட்டுப்பாடே வேண்டாமென்கின்றனர் எனக் கருதலாகாது. மெக்சிக்க வழிவந்தோர் மிகுந்த ஸ்டார் மாவட்டம், 1892க்குப் பின் முதன்முறையாக, 2024 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை அளித்தது. அக்கட்சியின் வேட்பாளர் டிரம்ப், சுவரை வலியுறுத்தியவர். விலைவாசி உயர்வும் இதற்கொரு காரணம் என்பர். ஆயினும், சுவருக்காகத் தம் காணியை அரசு கையகப்படுத்த முனைந்தபோது நீதிமன்றத்தில் எதிர்த்து நின்றோர் அம்மாவட்டத்திலும் உளர்.