அட்டை வரட்டும், மிச்சம் தெரியட்டும்

அன்புள்ள வாசகருக்கு,

சன்னிதிக் கோயில் திருவிழாவுக்கு வந்து சிங்கப்பூர் திரும்பிய கையோடு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அச்சுவேலியிலிருந்து தொண்டைமானாற்றுக்கு வந்த பஸ்ஸில் மிச்சக் காசு கிடைக்கவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். உங்கள் ஊரைப்போல அட்டையைத் தட்டிவிட்டு ஏறும் வசதி இங்கே எப்போது வரும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஊர்மேல் உள்ள அக்கறையால் கேட்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் மனக்குறை நியாயமானது. 2024 ஒக்ரோபரில் இலங்கையின் குறைந்தபட்ச பஸ் கட்டணத்தை 28 ரூபாவிலிருந்து 27 ரூபாவாகக் குறைத்தார்கள். குறைத்தது நல்லதுதான். ஆனால் 27 ரூபாவை மாற்றின காசாக எண்ணி வைத்திருந்தவர் எத்தனை பேர்? முப்பது கொடுத்தால் மூன்று ரூபா திரும்பி வந்தது அபூர்வம். பெரிய தாளை நீட்டினால் கொண்டக்டர் ரிக்கற்றின் பின்பக்கத்தில் மிச்சத் தொகையை எழுதித் தந்து, "இறங்கேக்கை வாங்குங்கோ" என்பார். வெள்ளிக்கிழமைகளில் சன்னிதியடியில் நின்று பாருங்கள். அர்ச்சனைப் பையை ஒரு கையிலும் ரிக்கற்றை மறுகையிலும் பிடித்தபடி ஆச்சி பின்வாசலால் இறங்குவார். கொண்டக்டர் முன்வாசலில் நிற்பார். "தம்பி, என்ரை மிச்சம்!" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிடும். எழுதிய தொகை கையில் இருக்கும். காசு பஸ்ஸோடு போய்விடும்.

இந்தக் குறையை அட்டை தீர்க்கும். கட்டணம் எவ்வளவோ அவ்வளவுதான் கழியும். கொழும்புப் பக்கம் தொடங்கிவிட்டார்கள்: 2025 நவம்பரில் மாகும்புர போக்குவரத்து மையத்தில், வங்கி அட்டையால் பஸ் கட்டணம் செலுத்தும் திட்டம் ஆரம்பமானது. ஒருநாள் அது எங்கள் வடமராட்சிக்கும் வரும். வரட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் எப்படி வரவேண்டும் என்பதை நாங்கள் இப்போதே பேசவேண்டும். அதற்கு உங்கள் சிங்கப்பூர் அனுபவமே நல்ல பாடம்.

பயண அட்டைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் காசின் கணக்கு அட்டைக்குள்ளேயே இருக்கும். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்த காசுபோல. மற்றதில் கணக்கு தூரத்து வங்கியிலோ நிறுவனக் கணினியிலோ இருக்கும். அட்டை வெறும் அடையாளம்தான். முதல் வகையில் தட்டியதும் மிச்சம் தெரியும். ஆனால் வீட்டிலிருந்து இணையத்தில் காசு போட்டால், ஒரு கருவியில் அட்டையை வைத்து அதற்குள் ஏற்றும்வரை அது வந்து சேராது. இரண்டாம் வகையில் காசு போடுவது சுலபம். ஆனால் வாசலில் தட்டும்போது எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்பது தெரியாது. பிறகு கைத்தொலைபேசியில்தான் தேடவேண்டும். பயண அட்டைபற்றி எழும் முறைப்பாடுகள் பல இந்த இடத்திலிருந்து பிறக்கின்றன.

பலாலியில் விமானம் ஏறிச் சென்னைக்குப் போகிற எங்கள் ஆட்கள் முதல் வகைச் சிக்கலைக் காணலாம். அங்கே மெட்ரோவில் 2023 இலும் மாநகரப் பஸ்களில் 2025 இலும் வந்த சிங்காரச் சென்னை அட்டை அந்த வகை. ரொறன்ரோவிலும் இதே கதைதான்: பிரஸ்டோ அட்டைக்கு இணையத்தில் காசு போட்டவர்கள், அது அட்டைக்கு வந்து சேரப் பல ஆண்டுகளாக 24 மணி நேரம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் வகைக்கு உங்கள் ஊரே சாட்சி. 2024 ஜனவரி 9 இல் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம், பழைய ஈசி-லிங்க் அட்டைகளை ஜூன் 1 முதல் நிறுத்தி, பெரியவர்கள் அனைவரையும் கணக்கு கணினியில் இருக்கும் சிம்ப்ளிகோ முறைக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. தட்டும் இடத்தில் கட்டணமும் மிச்சமும் தெரியாது என்றதும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். இரண்டு வாரத்துக்குள், ஜனவரி 22 இல், அரசு முடிவை மாற்றியது. பழைய முறையைத் தொடர 4 கோடி சிங்கப்பூர் டொலர் மேலதிகமாக ஒதுக்கியது. அவ்வளவு வசதியான நாட்டிலேயே மக்கள் கேட்டது ஒன்றைத்தான்: என் காசில் எவ்வளவு எடுத்தாய், எவ்வளவு மிச்சம், அதை இப்போதே காட்டு. சன்னிதியடி ஆச்சி கேட்பதும் அதைத்தான்.

அட்டையில் காசு தீர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு லண்டன் ஒரு பாடம். அங்கே பஸ்களில் 2014 ஜூலையில் காசு வாங்குவதை நிறுத்தினார்கள். ஆனால் அப்போதே, ஒயிஸ்டர் அட்டையில் போதிய காசு இல்லாதவருக்கு இன்னும் ஒரு பஸ் பயணத்துக்கு இடம் கொடுத்தார்கள். இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியது என்பதற்காக ஒருவரை இருட்டில் வீதியில் விட்டுப் போகக்கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

ஆகவே எங்கள் பஸ்ஸுக்கு அட்டை வரும்போது நாங்கள் கேட்கவேண்டியவை இவை. கழித்த தொகையைக் கருவி உடனே காட்டவேண்டும், கையில் ரிக்கற்றும் தரவேண்டும். எழுத்து தமிழிலும் இருக்கவேண்டும். காசு கொடுப்பவரிடம் காசு வாங்கவேண்டும்; பள்ளிப் பிள்ளையிடம் வங்கி அட்டை இருக்காது, எல்லா ஆச்சிமாரிடமும் இருக்காது. பிள்ளைகளின் சீசன் ரிக்கற் தொடரவேண்டும். தனியாகப் பயண அட்டை வந்தால், ஊர்க் கடையிலேயே அதற்குக் காசு போட வழி வேண்டும். பிழையாகக் கழிந்த காசுக்கு யாரிடம் போவது என்பது பஸ்ஸுக்குள்ளேயே எழுதி ஒட்டப்பட்டிருக்கவேண்டும்.

கருவிகளை வாங்கி முடித்தபின் இவற்றைக் கேட்டுப் பயனில்லை. சிங்கப்பூருக்குத் திரும்பிப்போகப் பழைய அட்டை முறை ஒன்று கையில் இருந்தது. எங்களிடம் அது இல்லை. நீங்கள் எனக்கு எழுதியதுபோல வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். அட்டை முறை வேண்டும் என்று மட்டும் எழுதாமல், எப்படிப்பட்டது வேண்டும் என்றும் எழுதுங்கள். இரண்டு ஊரின் முறையையும் கண்டவர் நீங்கள். உங்கள் சொல்லுக்குப் பெறுமதி உண்டு.

அன்புடன்,
தொண்டைமானாற்றிலிருந்து